மைனர் ஸ்லாஷ் கார்ட் சரியாக ஒலிக்கவில்லையா? அறிகுறியைக் கேட்டுப் பிழையைத் திருத்தும் வழி

கிட்டார் தாளில் ஏ மைனர்/ஜி என்று எழுதியிருந்தால், சாய்கோட்டுக்கு (ஸ்லாஷ்) இடப்பக்கம் இருப்பது கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. வலப்பக்கம் இருப்பது பேஸில், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில், ஒலிக்க வேண்டிய ஒற்றைச் சுரம். ஏ, சி, இ ஆகிய மூன்று சுரங்கள், அவற்றுக்கு அடியில் ஒரு ஜி. தாளில் இவ்வளவுதான். கையில் பிடிக்கும்போது இது முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏ மைனருக்கே மூன்று விரல்கள் செலவாகிவிட்டன. பேஸுக்கு மிஞ்சுவது சுண்டு விரல். அது போக வேண்டிய இடமோ மறுகோடியில் இருக்கும் தடித்த 6ஆம் கம்பி. போதாததற்கு, பேஸ் கம்பிக்கும் மற்ற கம்பிகளுக்கும் நடுவே ஒலிக்கக் கூடாத கம்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் இந்தக் கார்ட்களில் வரும் கோளாறுகளைத் தேடும்போது முதலில் இரண்டு கம்பிகளைப் பார்க்கச் சொல்கிறோம்: பேஸ் கம்பி, அதற்கு அடுத்த கம்பி. விரல் வலு, கை நீளம், கிட்டாரின் தரம் எல்லாம் அப்புறம்.

கீழே 3×2210 என்பதுபோல் வரும் குறிகளை இடமிருந்து வலமாக, தடித்த 6ஆம் கம்பியில் தொடங்கி மெல்லிய 1ஆம் கம்பி வரை படியுங்கள். எண் என்றால் அந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தில்) விரல். 0 என்றால் திறந்த கம்பி. × என்றால் ஒலிக்கவே கூடாத கம்பி. ட்யூனிங் வழக்கமான இ, ஏ, டி, ஜி, பி, இ. ‘தாழ்ந்த’, ‘அடியில்’ என்று வருமிடமெல்லாம் ஒலியின் சுருதியைச் சொல்கிறோம். கம்பி கண்ணுக்கு மேலே தெரிகிறதா கீழே தெரிகிறதா என்பதை அல்ல.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இந்தச் சோதனை

ட்யூனர் வைத்து ஆறு கம்பிகளையும் சரிசெய்யுங்கள். பிறகு கார்டைப் பிடித்து, ஸ்ட்ரம் செய்யாமல் (கம்பிகளை ஒரே வீச்சில் வாராமல்), 6இலிருந்து 1 வரை ஒவ்வொரு கம்பியாக, விநாடிக்கு ஒன்று என்ற நிதானத்தில் மீட்டுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன சுரம் வர வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே மீட்டுவது நல்லது. ஏ மைனர்/ஜி (3×2210) என்றால் ஜி, பிறகு சுரமில்லாத ஒரு ‘டப்’, பிறகு இ, ஏ, சி, இ என்று வர வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும். காதில் விழுந்த ஆகத் தாழ்ந்த சுரம் எது? அது சாய்கோட்டுக்கு வலப்பக்கம் எழுதியிருக்கும் எழுத்துதானா? இல்லையென்றால் விரல்கள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் வாசிப்பது வேறு கார்ட். இரண்டாவது, × போட்ட கம்பி உண்மையிலேயே ஊமையாக இருக்கிறதா, இல்லை மெலிதாக முனகுகிறதா? ஸ்ட்ரம் செய்யும்போது அந்த முனகல் மற்ற ஒலிகளுக்குள் ஒளிந்துகொள்ளும்; தனியாக மீட்டினால் தப்ப முடியாது.

## அறிகுறி: பேஸ் மாறியதே தெரியவில்லை, சாதாரண மைனர் மாதிரியே இருக்கிறது

பேஸ் சுரத்துக்கும் அடியில் இன்னொரு கம்பி ஒலித்துக்கொண்டிருக்கலாம். இது 5ஆம் கம்பியிலும் 4ஆம் கம்பியிலும் பேஸ் இருக்கும் ஷேப்களில் வரும் பிழை. ஏ மைனர்/சி (×32210) பிடித்து 6ஆம் கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்தால் அடியில் இருப்பது இ. அது ஏ மைனர்/இ ஆகிவிட்டது. இ மைனர்/பி (×22000) இன்னும் மோசம்: 6ஆம் கம்பி ஒலித்தால் அது அப்பட்டமான இ மைனர், ஸ்லாஷ் என்று ஒன்று இருந்த சுவடே இராது. இதற்குத் தீர்வு 5ஆம் கம்பியை அழுத்தும் விரலிடமே இருக்கிறது. அந்த விரலை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு 6ஆம் கம்பியின் பக்கம் தள்ளி வையுங்கள். விரல் நுனி 5ஐ அழுத்தும். நுனியின் விளிம்பு 6ஐத் தொட்டு ஊமையாக்கும். 6ஐ அழுத்த வேண்டாம், தொட்டால் போதும்.

இன்னொரு காரணம், முந்தைய கார்டின் பேஸ் இன்னும் அணையாமல் இருப்பது. இ மைனரிலிருந்து இ மைனர்/டிக்குப் போகும்போது இது கட்டாயம் நடக்கும். இ மைனர்/டியின் எளிய வடிவம் ××0000, அதாவது நான்கு திறந்த கம்பிகள் (டி, ஜி, பி, இ). விரலையெல்லாம் எடுத்துவிட்டு நான்கு கம்பிகளை மட்டும் மீட்டுகிறீர்கள். ஆனால் சற்றுமுன் அடித்த 6ஆம் கம்பியின் இ அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. மீட்டாத கம்பி ஆயிற்றே என்று அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. கார்ட் மாறும் கணத்தில் இடது கைக் கட்டை விரலைக் கழுத்தின் மேல் விளிம்பைத் தாண்டி 6ஆம் கம்பி மேல் படியவிடுங்கள், அல்லது வலது உள்ளங்கையின் ஓரத்தால் தடித்த இரண்டு கம்பிகளையும் தொட்டு நிறுத்துங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் வலது கையைப் பாருங்கள். ஆறு கம்பிகளையும் ஒரே விசையில் வாரி அடித்தால் பேஸ் அமுங்கிவிடும். முதல் தட்டில் பேஸ் கம்பியை மட்டும் தனியாக மீட்டி, மிச்ச மூன்று தட்டுகளில் மெல்லிய கம்பிகளை ஸ்ட்ரம் செய்யுங்கள். ஸ்லாஷ் கார்டின் உயிர் அந்த முதல் தட்டில் இருக்கிறது.

## அறிகுறி: அடியில் கொழகொழவென்று குழம்பிய ஒலி

ஏ மைனர்/ஜியில் இது வந்தால் 5ஆம் கம்பி திறந்து ஒலிக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். 3×2210 பிடிக்க நினைத்து 302210 வாசிக்கிறீர்கள். 6ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் இருக்கும் ஜியின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். திறந்த 5ஆம் கம்பியின் ஏ 110 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 12 ஹெர்ட்ஸ்தான். இவ்வளவு தாழ்ந்த இடத்தில் இவ்வளவு நெருங்கிய இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதி விநாடிக்கு 12 முறை துடிக்கும். காது அதை இரண்டு சுரமாகப் பிரிக்காமல் ஒரு கரகரப்பாக எடுத்துக்கொள்ளும். ஏ என்ற சுரம் கார்டில் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வேண்டியதுதான். ஆனால் அது 3ஆம் கம்பியில் ஏற்கெனவே இருக்கிறது.

6ஆம் கம்பியை அழுத்தும் விரலைச் செங்குத்தாக நிறுத்தாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். விரலின் சதைப்பகுதி 5ஆம் கம்பி மேல் படிந்து அதை அணைக்கும். கார்ட் பிடிக்கும்போது விரல் நுனியைக் குத்தி நிறுத்தச் சொல்லியே எல்லோரும் பழகியிருப்போம். இந்த ஒரு விரலுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் 4ஆம் கம்பியும் செத்துவிடும். 6, 5, 4 மூன்றையும் ‘ஜி, டப், இ’ என்று வரும்வரை தனித்தனியாக மீட்டி, சாய்வின் அளவைக் கண்டுபிடியுங்கள்.

டி மைனர்/சி (×30231) விஷயத்தில் இதே பயம் வேண்டாம். அங்கே 5ஆம் கம்பியின் சி சுமார் 131 ஹெர்ட்ஸ், திறந்த 4ஆம் கம்பியின் டி சுமார் 147. இடைவெளி அதே ஒரு முழுச் சுரம்தான் (இரண்டு ஃபிரெட் தொலைவு). ஆனாலும் சுருதி உயர்ந்திருப்பதால் உறுத்தல் குறைவு. 4ஆம் கம்பியை ஒலிக்க விடுங்கள். அங்கே பெரும்பாலும் நேர்மாறான பிழைதான் வரும்: பேஸ் விரல் சரிந்து 4ஆம் கம்பியை அணைத்துவிடும். அந்தக் கார்டுக்கு விரல் செங்குத்தாக நிற்க வேண்டும்.

## அறிகுறி: மைனரின் சோகம் போய் மேஜர் மாதிரி ஒலிக்கிறது

ஏ மைனர்/ஜி பிடிக்கும் அவசரத்தில் மோதிர விரலை 3ஆம் கம்பியிலிருந்து எடுத்து 6ஆம் கம்பிக்குக் கொண்டுபோனால், 3ஆம் கம்பி திறந்துவிடும். இப்போது கையில் இருப்பது 3×2010. சுரங்களை எண்ணிப் பாருங்கள்: ஜி, இ, ஜி, சி, இ. ஏ எங்குமே இல்லை. இது சி மேஜர்/ஜி. கார்ட் மாறிவிட்டது, அதுவும் குணமே மாறிவிட்டது. கையில் அனேகமாக ஏ மைனர் வடிவமே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். 3ஆம் கம்பியைத் தனியாக மீட்டி ஏ வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வழியிலும் மேஜர் நுழையும். நடு விரலைப் படுக்கவைத்து 4, 3 இரண்டு கம்பிகளையும் 2ஆம் ஃபிரெட்டில் ஒரே விரலால் அழுத்துவது பலருக்கும் வசதி. அந்த விரல் கூடுதலாகச் சரிந்து 2ஆம் கம்பியையும் அழுத்திவிட்டால், ஆள்காட்டி விரல் 1ஆம் ஃபிரெட்டில் பிடித்திருக்கும் சிக்குப் பதில் சி ஷார்ப் ஒலிக்கும். ஏயிலிருந்து சி மூன்று அரைச்சுரத் தொலைவு (ஒரு ஃபிரெட் என்றால் ஓர் அரைச்சுரம்); சி ஷார்ப் நான்கு. அந்த ஓர் அரைச்சுரம்தான் மைனருக்கும் மேஜருக்கும் உள்ள வித்தியாசம். நடு விரலின் கடைசி மூட்டைச் சற்று மேலே தூக்கினால் 2ஆம் கம்பி விடுபடும்.

டி மைனர்/சியில் மைனரைக் காக்கும் பொறுப்பு 1ஆம் கம்பிக்கு. அங்கே 1ஆம் ஃபிரெட்டின் எஃப்தான் மைனரைத் தீர்மானிக்கும் ஒரே சுரம். ஆள்காட்டி விரல் தூக்கிவிட்டால் இ ஒலித்து, கார்ட் மேஜருமில்லாமல் மைனருமில்லாமல் வெறுமையாகத் தொங்கும்.

## அறிகுறி: சுண்டு விரல் எட்டவில்லை, எட்டினால் மற்ற விரல்கள் தூக்கிக்கொள்கின்றன

ஏ மைனரை வழக்கமாகப் பிடித்தபடியே (நடு விரல் 4ஆம் கம்பி, மோதிர விரல் 3ஆம் கம்பி, ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பி) சுண்டு விரலை 6ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டுக்கு நீட்டச் சொல்வது, நம் பார்வையில், தொடங்குபவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாத விரலமைப்பு. சுண்டு விரல் இயல்பாக மெல்லிய கம்பிகளின் பக்கம் நிற்கும் விரல். அதை மற்ற மூன்றுக்கும் பின்னால் வளைத்துத் தடித்த கம்பிக்குக் கொண்டுபோனால் மணிக்கட்டு முறுகும். கூடவே மோதிர விரல் கிளம்பும், ஏனென்றால் அவை இரண்டும் தனித்தனியாக அசையும் விரல்கள் அல்ல. இதைப் பயிற்சியால் வென்றுவிடலாம் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட விரலமைப்பை மாற்றுவது மேல்.

மூன்று மாற்று வழிகள், எளியதிலிருந்து:

முதல் வழி, 4ஆம் கம்பியை விட்டுவிடுவது. 3××210. மோதிர விரல் 6ஆம் கம்பி 3இல், நடு விரல் 3ஆம் கம்பி 2இல், ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பி 1இல், 1ஆம் கம்பி திறந்தபடி. சுரங்கள்: ஜி, ஏ, சி, இ. கார்டுக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. விட்டது இரண்டாவது முறையாக வரும் ஒரு இ மட்டும். பிக் (கம்பி மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் மீட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது: கட்டை விரல் 6ஆம் கம்பி, ஆள்காட்டி 3, நடு விரல் 2, மோதிர விரல் 1. ஊமையாக்க வேண்டிய கவலையே எழாது, தொடாத கம்பி எப்படி ஒலிக்கும்?

இரண்டாவது வழி, மேலே சொன்ன படுத்த நடு விரல்: மோதிர விரல் 6ஆம் கம்பி 3இல், நடு விரல் 4, 3 இரண்டுக்கும் 2இல், ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பி 1இல். 3×2210 முழுமையாக வரும். ஸ்ட்ரம் செய்ய ஏற்றது.

மூன்றாவது, மோதிர விரல் 6இல், நடு விரல் 4இல், சுண்டு விரல் 3ஆம் கம்பியில், ஆள்காட்டி விரல் 2இல். 2ஆம் ஃபிரெட்டுக்குள் நெருக்கடி இருக்கும். ஆனால் அடுத்து ஏ மைனர்/எஃப் ஷார்ப் (2×2210) வருகிறதென்றால் இந்த நெருக்கடிக்குப் பலன் உண்டு. அந்தக் கார்டுக்கு நடு விரல் 6ஆம் கம்பி 2, மோதிர விரல் 4ஆம் கம்பி 2, சுண்டு விரல் 3ஆம் கம்பி 2, ஆள்காட்டி 2ஆம் கம்பி 1. சுண்டு விரலும் ஆள்காட்டி விரலும் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன.

பேஸ் ஏயிலிருந்து ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப் என்று அரையரைச் சுரமாக இறங்கும் வரிசையில் முதல் வழி பிரமாதமாக வேலை செய்யும். ஏ மைனர்/ஜி ஷார்ப் 4××210 (பேஸ் சுண்டு விரல்), ஏ மைனர்/ஜி 3××210 (பேஸ் மோதிர விரல்). இந்த இரண்டிலும் நடு விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். எஃப் ஷார்ப்புக்கு வரும்போது மட்டும் (2××210) நடு விரல் பேஸுக்கும் மோதிர விரல் 3ஆம் கம்பிக்கும் போகின்றன.

கட்டை விரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து 6ஆம் கம்பியை அழுத்துவது இன்னொரு பழக்கம். டி மைனர்/எஃப் (1×0231) போன்றவற்றுக்கு உதவும். கழுத்து அகலம் இடம் கொடுக்க வேண்டும்: ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) அகலம் பெரும்பாலும் 43 மி.மீ. அளவில் இருக்கும், நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் 52 மி.மீ. வரை போகும். அகலக் கழுத்தில் கட்டை விரலை வற்புறுத்தாதீர்கள். அதே கார்டை ××3231 என்று மோதிர, நடு, சுண்டு, ஆள்காட்டி விரல்களால் பிடித்தால் எஃப், ஏ, டி, எஃப் கிடைத்துவிடும்.

மணிக்கட்டிலோ கட்டை விரலின் அடியிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரல் நுனி எரிவது வேறு, இது வேறு.

## அறிகுறி: கார்ட் சுத்தமாக வருகிறது, ஆனால் மாறும்போது தாளம் தப்புகிறது

பிழை ஸ்லாஷ் கார்டில் இல்லை, அதற்கு முந்தைய கார்டின் விரலமைப்பில் இருக்கிறது.

டி மைனரை மோதிர விரலால் 2ஆம் கம்பியைப் பிடித்து வாசித்தால், டி மைனர்/சிக்குச் சுண்டு விரலை 5ஆம் கம்பிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மறுபடியும் அதே முறுக்கல். ஆரம்பத்திலேயே 2ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டைச் சுண்டு விரலுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்போது மோதிர விரல் சும்மா இருக்கும். பேஸ் சி வேண்டும்போது 5ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் இறங்கினால் போதும், மற்ற மூன்று விரல்களும் நகர வேண்டியதில்லை. பிறகு டி மைனர்/பி (×20231) வந்தால் நடு விரல் 5ஆம் கம்பி 2க்குப் போய், அது விட்ட 3ஆம் கம்பியை மோதிர விரல் ஏற்கும்.

இ மைனரும் இப்படித்தான். நடு, மோதிர விரல்களால் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, ஆள்காட்டி 5ஆம் கம்பியிலும் நடு விரல் 4ஆம் கம்பியிலும் இருக்கட்டும். இ மைனர்/ஜிக்கு (322000) மோதிர விரல் 6ஆம் கம்பி 3இல் சேர்ந்தால் வேலை முடிந்தது.

பழகும் விதம்: மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். முதல் சுற்றில் பேஸ் சுரங்களை மட்டும், நான்கு தட்டுக்கு ஒன்று, இரண்டு நிமிடம். இரண்டாம் சுற்றில் முதல் தட்டில் பேஸ் விரல் மட்டும் இறங்கட்டும், இரண்டாம் தட்டில் மற்ற விரல்கள். பேஸ்தான் முதலில் ஒலிக்கப்போகிறது என்பதால் மற்றவை அரைத்தட்டு தாமதித்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. இந்த வரிசை கைக்குப் படிந்த பின்தான் நான்கு விரல்களும் ஒன்றாக இறங்குவதைப் பற்றி நினைக்க வேண்டும். தடுமாற்றமில்லாமல் எட்டுச் சுற்று வந்தால் மெட்ரோனோமை 4 ஏற்றுங்கள்.

## அறிகுறி: பாரே மைனரில் ஸ்லாஷ் சேர்த்தால் பேஸ் ஊமை, அல்லது தவறான பேஸ்

பாரே என்பது ஒரே விரலைப் பல கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்துவது. பி மைனர் ×24432. பி மைனர்/ஏ ×04432. 5ஆம் கம்பியிலிருந்து ஆள்காட்டி விரலை விலக்கினால் திறந்த ஏ கிடைக்கும், வேறு எந்த விரலும் அசைய வேண்டாம். பார்க்க இவ்வளவு எளிதாக இருப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. விரல் நுனி முழுக்க விலகாமல் 5ஆம் கம்பியை உரசிக்கொண்டிருந்தால் பேஸ் ஊமை. நுனி முழுக்க விலகிவிட்டால், அதுவரை அதே நுனி தொட்டு அணைத்துவைத்திருந்த 6ஆம் கம்பி விடுபட்டு, ஏக்கு அடியில் ஒரு இ எழும்பும். ஆள்காட்டி விரல் விட்ட காவலைக் கட்டை விரல் ஏற்க வேண்டும்: கழுத்துக்கு மேலிருந்து 6ஆம் கம்பியைத் தொட்டால் போதும். இப்போது ஆள்காட்டிக்கு 1ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட் மட்டும்தான் வேலை.

எஃப் ஷார்ப் மைனர்/இ (044222) இதன் உடன்பிறப்பு. பாரேயை 3, 2, 1 கம்பிகளுக்குச் சுருக்கி 6ஆம் கம்பியைத் திறக்க வேண்டும். இங்கே பேஸ் ஊமையானால் ஆள்காட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன் மோதிர விரலைப் பாருங்கள். 5ஆம் கம்பி 4இல் இருக்கும் அதன் நுனி, 6ஆம் கம்பியைத் தொட்டு அணைத்துக்கொண்டிருக்கும். மற்ற ஷேப்களில் நாம் வேண்டி வருவித்த அதே தொடுகை இங்கே பிழை.

## அறிகுறி: தாழ்ந்த ஃபிரெட்களில் எதுவுமே கைகூடவில்லை, பாட்டு நாளைக்கு

ஆள்காட்டி விரலை 4, 3, 2, 1 கம்பிகளின் குறுக்கே ஒரே ஃபிரெட்டில் படுக்கவையுங்கள். 6உம் 5உம் வேண்டாம். 1ஆம் கம்பியில் எந்தச் சுரம் ஒலிக்கிறதோ அதன் மைனர், அதற்கு ஒரு முழுச் சுரம் இறங்கிய பேஸோடு கிடைக்கும். ××3333 ஜி மைனர்/எஃப் (எஃப், பி ஃபிளாட், டி, ஜி). ××2222 எஃப் ஷார்ப் மைனர்/இ. ××5555 ஏ மைனர்/ஜி. 7இல் பி மைனர்/ஏ, 8இல் சி மைனர்/பி ஃபிளாட், 10இல் டி மைனர்/சி. முன்பு பார்த்த இ மைனர்/டி ××0000கூட இதே வடிவம்தான், விரலுக்குப் பதில் நட் இருக்கிறது.

இதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 5ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும் ஜி 196 ஹெர்ட்ஸ், 6ஆம் கம்பியின் ஜிக்கு ஓர் ஆக்டேவ் மேலே. திறந்த 5ஆம் கம்பியின் ஏயிலிருந்து ஒரு படி இறங்க வேண்டிய பேஸ், இங்கே மேல்நோக்கித் தாவும். இறங்குவரிசைக்காகவே அந்த ஸ்லாஷ் எழுதப்பட்டிருந்தால் அதன் நோக்கம் போய்விடும். மேலும் ஜி, சி, இ, ஏ என்ற அதே நான்கு சுரங்கள் சி சிக்ஸ்த் என்ற கார்டுக்கும் சொந்தம். முன்னால் சி மேஜர் வந்திருந்தால் காது அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

## அறிகுறி: கம்பி கரகரக்கிறது, அல்லது சுருதி விலகியதுபோல் இருக்கிறது

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம், எட்டாத விரல் ஃபிரெட்டின் நடுவிலேயே நின்றுவிடுவது. தடித்த கம்பிக்கு அது போதாது. விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் வையுங்கள். அழுத்தம் பாதியாகக் குறைந்தாலே சுத்தமாக ஒலிப்பதைக் காண்பீர்கள். மற்ற விரல்களை எடுத்துவிட்டு அந்த ஒரு சுரத்தை மட்டும் நன்றாக அழுத்தி மீட்டியும் கரகரத்தால், கிட்டாரைச் செட்டப் செய்பவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

சுருதி விலகலுக்குக் காரணம் நேரெதிர். நீட்டிய விரல் 6ஆம் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இறுக்கிவிடுகிறது, சுரம் ஏறுகிறது. சோதிக்க எளிய வழி: கார்டைப் பிடித்த நிலையில் ட்யூனரை வைத்து பேஸை மட்டும் மீட்டுங்கள். டி மைனர்/சியில் 5ஆம் கம்பி இப்படித்தான் ஏறும். திறந்த கம்பிகள் சரியாக இருந்து பேஸ் மட்டும் ஏறிக் காட்டினால், இழுக்காமல் நேராகக் கீழ்நோக்கி அழுத்தப் பழகுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் கார்ட் அந்தரத்தில் தொங்குகிறது

அது பிழையில்லை. ஏ மைனர்/ஜியைத் தனியாக வாசித்துவிட்டு நிறுத்தினால் தொங்கத்தான் செய்யும். பேஸில் இருக்கும் ஜி இறங்கப் பார்க்கும் சுரம். ஏ மைனர், ஏ மைனர்/ஜி, பிறகு எஃப் மேஜர் செவன் (××3210) என்று மூன்றையும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். ஏ மைனர்/எஃப் ஷார்ப்பின் உறுத்தலும் இயல்பானதே: எஃப் ஷார்ப், ஏ, சி, இ நான்கும் சேர்ந்தால் அது அரை டிமினிஷ்ட் கார்ட்.

## அறிகுறி: தாளில் உள்ளபடி வாசித்தும் பாட்டோடு பொருந்தவில்லை

சாய்கோட்டை ‘அல்லது’ என்று படித்து ஏ மைனரோ ஜியோ வாசித்திருக்கலாம். வலப்பக்க எழுத்தை முழு ஜி மேஜராகப் பிடித்திருக்கலாம். ஏ மைனர் செவனும் இதுவும் ஒன்று என்று எண்ணியிருக்கலாம். சுரங்கள் அதே நான்குதான், ஆனால் அங்கே ஜி உள்ளே எங்கோ இருக்கும், இங்கே அது தரை.

கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்தும் கவ்வி) போட்டிருந்தால் சாய்கோட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து நகரும். 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ வைத்து ஏ மைனர்/ஜி வடிவம் பிடித்தால் கேட்பது பி மைனர்/ஏ.

குழுவாக வாசிக்கும்போது பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஏயிலேயே நின்றால், நீங்கள் பிடித்த ஜி யார் காதுக்கும் பேஸாகத் தெரியாது. உங்கள் கார்ட் வெறும் ஏ மைனர் செவனாகிவிடும். அவர் ஜிக்கு இறங்கினால் நீங்கள் சாதாரண ஏ மைனர் வாசித்தாலே போதும், ஸ்லாஷ் தானாக உருவாகிவிடும். யார் இறங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தனியாக வாசித்து ஃபோனில் பதிவு செய்து கேட்கிறவர்கள், 98 ஹெர்ட்ஸ் சுரத்தை ஃபோன் ஸ்பீக்கரில் தேட வேண்டாம். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரில் அடித்தளம் மெலிந்துதான் வரும். ஹெட்ஃபோனில் கேட்டபின் விரலைத் திருத்துங்கள்.